தேய்ந்த கேம் ஷாஃப்ட்: ஒரிஜினலா, கிட்டா, கடைசலா, புதுப்பேட்டையா?

"அண்ணா, லாரா 1.9. ரெண்டு லட்சத்து நாற்பதாயிரம் ஓடிருச்சு. மெக்கானிக் டேப்பட் கவரைக் கழற்றிப் பார்த்துட்டு கேம் போச்சுங்கறார். ஒருத்தர் ஒரிஜினல்தான் போடணுங்கறார். ஒருத்தர் புதுப்பேட்டைல கிடைக்குங்கறார். இன்னொருத்தர் லேத்துல குடுத்து ஏத்திக்கலாங்கறார். எதைச் செய்யறது?"

இந்தக் கேள்வி ஊரும் கிலோமீட்டரும் மாறி மாறி எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. நானும் இதே கிணற்றில் விழுந்து எழுந்தவன்தான். ஒரு முறை தப்பானதை வாங்கி மாட்டி, ஒரே வேலைக்கு இரண்டு முறை கூலி கொடுத்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன். புதியவர்களுக்கு ஒரு வரி: கேம் ஷாஃப்ட் என்பது எஞ்சினின் வால்வுகளைத் தள்ளித் திறக்கும் சுழலும் கம்பி, அதில் புடைத்திருப்பவை 'மூக்கு', மூக்குக்கும் வால்வுக்கும் நடுவே இருக்கும் சிறு மூடிதான் டேப்பட். புதுப்பேட்டை, சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தை.

முதலில் ஒரு எல்லை. நான் பேசுவது ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் 1.9 டிடிஐ எட்டு வால்வு 'பிடி' எஞ்சினைப் பற்றி. நம் ஊரில் ஸ்கோடா லாரா, முதலில் வந்த ஜெட்டா ஆகியவற்றில் இருப்பது. கனடாவிலும் அமெரிக்காவிலும் 2004 முதல் 2006 வரை விற்ற டீசல் ஜெட்டா, கோல்ஃப் வண்டிகளிலும் இதே வகைதான். டொராண்டோ பக்கம் இருப்பவர்களுக்கும் இந்தக் கதை பொருந்தும். பழைய 90 குதிரைத்திறன் ஆக்டேவியா டீசல் இதில் சேராது, அதற்குத் தனி இன்ஜெக்ஷன் பம்ப் உண்டு. 16 வால்வு 2.0 எஞ்சினில் இரண்டு கேம் ஷாஃப்ட், அமைப்பே வேறு. போலோ, வெண்டோ டீசல் எல்லாம் காமன் ரெயில். அந்த வண்டிக்காரர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

## இந்த எஞ்சினில் மட்டும் ஏன் இப்படி?

பிடி என்றால் ஜெர்மன் மொழியில் 'பும்ப டூஸ'. பம்பும் நாசிலும் ஒரே உடம்பில் இருக்கும் இன்ஜெக்டர். டீசலை அழுத்த வெளியே தனி பம்ப் கிடையாது. கேம் ஷாஃப்டே ராக்கர் என்ற நெம்புகோல் வழியாக இன்ஜெக்டரின் தலையில் அடித்து 2,050 பார் வரை அழுத்தத்தை உண்டாக்குகிறது. டயரில் நாம் அடைக்கும் காற்று இரண்டு பாருக்குக் கொஞ்சம் மேல். அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆக, ஒரே ஷாஃப்டில் வால்வுக்கு எட்டு மூக்கு, இன்ஜெக்டருக்கு நான்கு மூக்கு. இவையெல்லாம் உட்காரும் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டின் நீளம் பழைய அளவுதான். இன்ஜெக்டருக்கான நான்கும் அகலமாக இருந்தாக வேண்டும். இடத்துக்கு எங்கே போவது? வால்வு மூக்குகளின் அகலத்தைக் குறைத்துவிட்டார்கள். இன்ஜெக்டர் பக்கம் ராக்கரில் உருளும் ரோலர் இருக்கிறது. வால்வு பக்கம் மூக்கு நேரடியாக டேப்பட்டின் தலையில் வழுக்கி உரசுகிறது. அதனால் 2,050 பாரைத் தாங்கும் மூக்குகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். வெறும் வால்வைத் தள்ளுகிற ஒல்லி மூக்குதான் தேய்ந்து, கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாகிவிடும்.

ஒரு கணக்குப் போடலாம். எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றினால் கேம் 1,000 சுற்று. ஒவ்வொரு மூக்கும் மணிக்கு 60,000 முறை டேப்பட்டை அழுத்தும். சராசரி 40 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓட 5,000 மணி நேரம். ஒவ்வொரு டேப்பட்டும் 30 கோடி முறை உரசப்பட்டிருக்கும். இடையில் இருப்பது ஒரு மெல்லிய ஆயில் படலம் மட்டும். அந்தப் படலம் நிற்பதற்காகத்தான் இந்த எஞ்சினுக்கென்றே 505.01 என்ற ஆயில் தரத்தை வகுத்தார்கள். பிறகு வந்த 507.00 தர ஆயிலும் இதற்குப் போடலாம். 'டீசல் வண்டிதானே' என்று லாரிக்குப் போடும் 15டபிள்யூ-40 ஆயிலை வருடக்கணக்கில் ஊற்றினால் என்ன ஆகும் என்று என்னிடம் கேட்கலாம். நான் ஊற்றியவன். அந்தப் பழியை யார் மேலும் போட மாட்டேன்.

## வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

டிக் டிக் சத்தத்தை மட்டும் கேட்டு கேம் வாங்காதீர்கள். டேப்பட் கவரைக் கழற்றுவது பெரிய வேலை இல்லை. கழற்றியதும் மூன்றைப் பாருங்கள். மூக்கின் விளிம்பு கூராகச் சரிந்திருக்கிறதா, முகத்தில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள் இருக்கின்றனவா? டேப்பட் தலையில் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வைத்தால் அடியில் வெளிச்சம் தெரிகிறதா? தெரிந்தால் தட்டைத் தலை கிண்ணமாகிவிட்டது என்று பொருள். அடுத்து நுண்ணளவு காட்டும் டயல் கேஜ் வைத்து ஒவ்வொரு வால்வும் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கச் சொல்லுங்கள். இன்டேக்கை இன்டேக்குடன், எக்ஸாஸ்டை எக்ஸாஸ்டுடன் ஒப்பிட வேண்டும். ஒன்று மட்டும் குறைவாக இறங்கினால் அங்கேதான் கோளாறு.

ஆயில் ஃபில்டர் இந்த வண்டியில் தகர டப்பா இல்லை, உள்ளே போடும் காகித மடிப்பு. அதை வெட்டி விரித்து ஒரு காந்தத்தை ஓட்டினால், கேம் எங்கே போனது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

இதைவிட முக்கியமான, பலர் விட்டுவிடுகிற இன்னொரு சோதனை உண்டு. டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்கள். ஆயில் அளவு குறையாமல் ஏறிக்கொண்டிருக்கிறதா? டீசல் வாடை வருகிறதா? பிடி எஞ்சினில் டீசல் ஹெட்டுக்குள்ளேயே ஓடி இன்ஜெக்டருக்குப் போகிறது. இன்ஜெக்டரின் ரப்பர் வளையம் போனாலோ, கேம் முனையில் சுற்றி டீசலை இன்ஜெக்டருக்கு அனுப்பும் டேண்டம் பம்பின் சீல் போனாலோ, டீசல் நேராக ஆயிலில் கலக்கும். நீர்த்துப்போன ஆயில் அந்த ஒல்லி மூக்கைக் காப்பாற்றாது. இதைச் சரிசெய்யாமல் தங்கத்திலேயே கேம் செய்து மாட்டினாலும் அதுவும் தேயும்.

அப்படியே கம்ப்ரெஷனையும் டர்போ ஷாஃப்டின் ஆட்டத்தையும் பார்த்துவிடுங்கள். எதற்கு என்று கீழே சொல்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது?

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இந்த வேலைக்கு அந்தப் பழமொழி அப்படியே பொருந்தும். நல்ல கேம் போட்டாலும் மட்டமான கேம் போட்டாலும் டைமிங் பெல்ட்டைக் கழற்றத்தான் வேண்டும், ராக்கர் ஷாஃப்டை இறக்கத்தான் வேண்டும், நான்கு இன்ஜெக்டருக்கும் டயல் கேஜ் வைத்து மறுபடி அட்ஜஸ்ட் செய்யத்தான் வேண்டும். பெல்ட் கழன்ற கையோடு டென்ஷனரும் வாட்டர் பம்பும் மாற்றாமல் விடுவது மடத்தனம். ராக்கர் ஷாஃப்ட் போல்ட்டுகள் இழுபட்டு நீளும் வகை, ஒரு முறை கழற்றினால் புதிது. இந்தச் செலவு எல்லா வழிக்கும் பொது. ஆகவே கேமின் விலையை மட்டும் தனியாக வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. 'இது சீக்கிரம் போனால் இவ்வளவும் இன்னொரு முறை' என்பதுதான் உண்மையான விலை.

இரண்டாவது அளவுகோல், ஜோடி. நாம் வாங்குவது ஒரு கம்பியை அல்ல, உரசும் இரண்டு முகங்களை. புது கேமின் மேல் பழைய டேப்பட் ஒருபோதும் கூடாது. ஓடும்போது டேப்பட் மெல்லச் சுழல வேண்டும். அப்போதுதான் தேய்மானம் ஒரே இடத்தில் விழாது. கிண்ணமான டேப்பட் சுழலாது. அது புது மூக்கை அரம் மாதிரி அறுத்துவிடும்.

மூன்றாவது, முகத்தின் கடினம். இந்த எஞ்சினின் கேம் வார்ப்பிரும்பு. வார்க்கும்போதே மூக்கின் மேற்பகுதியைச் சட்டென்று குளிரவைத்து ஒரு கடினமான தோலை உண்டாக்குகிறார்கள். அதன் அடியில் இருப்பது சாதாரண இரும்பு. அந்தத் தோல் எவ்வளவு ஆழம், எவ்வளவு ஒழுங்கு என்பதில்தான் நல்லதுக்கும் மட்டத்துக்கும் வித்தியாசம். வெளியே பளபளப்பு இரண்டுக்கும் ஒன்றுதான்.

நான்காவது, வண்டியை இன்னும் எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள் என்பது. ஐந்தாவது, கெட்டுப்போனால் யாரிடம் போய் நிற்பீர்கள் என்பது.

## ஒரிஜினல்: கம்பெனி பெட்டியில் வருவது

வாங்கும்போது எண்ணைப் பாருங்கள். 038 109 101 என்று தொடங்கி, கடைசியில் எழுத்து மாறும். உங்கள் எஞ்சின் குறியீடு டைமிங் கவர் மேல் உள்ள ஸ்டிக்கரிலும், ஸ்டெப்னி வைக்கும் குழியில் உள்ள ஸ்டிக்கரிலும் இருக்கும். அதைக் கொடுத்து எண்ணை எடுக்கச் சொல்லுங்கள். 'லாரா தானே, எல்லாம் ஒண்ணுதான்' என்று சொல்பவரிடம் வாங்க வேண்டாம்.

நல்லது என்ன? அளவில் சந்தேகம் வேண்டாம், பொருத்தும்போது மெக்கானிக்குக் குழப்பம் இல்லை, பில் கையில் இருக்கும். மறைந்திருக்கும் செலவு என்ன? பெட்டிக்குள் ஷாஃப்ட் மட்டும்தான் இருக்கும். டேப்பட் எட்டும் தனித்தனி விலை. பேரிங் ஷெல், ஆயில் சீல், போல்ட் எல்லாம் தனி. முதலில் கேட்ட விலையோடு இதையெல்லாம் கூட்டினால் மயக்கம் வரும். இன்னொன்று காத்திருப்பு. உற்பத்தி நின்று இத்தனை வருடமான வண்டிக்கு ஷெல்ஃபில் சரக்கு இருக்காது. ஆர்டர் போட்டு வரும் வரை பட்டறையில் பெல்ட் கழன்று நிற்கும் வண்டிக்கு இடவாடகையும் சேரலாம். பொருள் கைக்கு வந்த பிறகே வண்டியைத் திறக்கச் சொல்லுங்கள்.

எஞ்சினின் மற்ற பாகங்கள் எல்லாம் திடமாக இருந்து, இன்னும் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டப்போகிறவர்கள், ஒரு வாரம் இரண்டு வாரம் வண்டி இல்லாமல் சமாளிக்கக்கூடியவர்கள் இந்த வழியில் போகலாம்.

## கிட்: பேர் உள்ள வெளிக் கம்பெனி

என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான். ஃபெபி, ஏஇ, கோல்பன்ஷ்மிட் மாதிரியான பெயர்களில் பிடி எஞ்சினுக்கான கேம் கிடைக்கிறது. சிலவற்றில் கேம், எட்டு டேப்பட், பேரிங், சீல் எல்லாம் ஒரே பெட்டி. இல்லாவிட்டால் கேமை ஒருவரிடமும், ஐஎன்ஏ டேப்பட்டுகளையும் கிளைகோ பேரிங்கையும் தனியாகவும் எடுத்து நாமே ஒரு கிட் சேர்த்துக்கொள்ளலாம். ஐஎன்ஏ கார் கம்பெனிகளுக்கே டேப்பட் செய்து கொடுக்கிற நிறுவனம். அதனால் 'வெளிச் சரக்கு' என்று முகம் சுளிக்க வேண்டியதில்லை.

ஜோடிப் பிரச்சினையை இந்த வழி தானாகவே தீர்த்துவிடுகிறது. ஒரே பெட்டியில் எல்லாம் இருந்தால் 'டேப்பட் நல்லாத்தான் இருக்கு, அதையே போட்டுக்கலாம்' என்ற பேச்சே எழாது. அந்தப் பேச்சுதான் என்னைக் கவிழ்த்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

மறைந்திருக்கும் ஆபத்து, போலி. பெயர் பெரிதானால் நகலும் வரும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ கோவையிலோ, பல வருடமாக ஜெர்மன் வண்டிச் சரக்கு விற்கிற கடையாகப் பார்த்து, பார்ட் நம்பர் எழுதிய பில்லோடு வாங்குங்கள். ஆன்லைனில் வாங்கினால் கேம் கப்பலிலும் லாரியிலும் எப்படிப் புரண்டு வந்தது என்று தெரியாது. வார்ப்பிரும்பு ஷாஃப்ட் அடி பட்டால் ஒடியும், லேசாகக் கோணியும் இருக்கலாம். பெட்டியைப் பிரித்ததும் இரண்டு வி-பிளாக் மேல் வைத்து உருட்டி, கோணல் இல்லாமல் சுற்றுகிறதா என்று டயல் கேஜில் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.

## பேர் இல்லாத மலிவுச் சரக்கு

ஏழெட்டு வருடம் முன்பு நான் வாங்கியது இதைத்தான். பெட்டியில் பெயர் இல்லை, ஒரு ஸ்டிக்கர் மட்டும். கிட்டின் விலையில் பாதிகூட இல்லை. பட்டறையில் என் பழைய டேப்பட்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்து, 'ரெண்டுதான் லேசா இருக்கு, அதை மட்டும் மாத்திக்கலாம்' என்று முடிவு செய்தோம். அவர் சொன்னார், நானும் தலையாட்டினேன். 14,000 கிலோமீட்டரில் மறுபடி டிக் டிக். திறந்து பார்த்தால் மூன்று மூக்குகளில் தோல் உரிந்திருந்தது. மாற்றாமல் விட்ட ஆறு டேப்பட்டுகளில் மூன்றுக்கு மேலே இருந்த மூக்குகள் அவை.

கேம் மட்டமா, டேப்பட் குற்றமா? இரண்டும்தான் என்று இப்போது நினைக்கிறேன். கடைக்காரரிடம் போனேன். பில்லில் 'கேம் - 1' என்று மட்டும் இருந்தது. அவர் கை விரித்துவிட்டார். அவரைக் குறை சொல்லி என்ன பயன், அந்தப் பில்லை வாங்கியவன் நான்தானே.

கடினத்தைச் சோதிக்க ஒரு பழைய பட்டறை வழி உண்டு. மூக்கின் பக்கவாட்டு ஓரத்தில், உரசும் முகத்தில் அல்ல, ஒரு சின்ன அரத்தை இழுத்துப் பாருங்கள். வழுக்கிப்போனால் தோல் கடினம். கடித்துப் பொடி உதிர்ந்தால் அப்படியே பெட்டியில் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாங்கும் முன் கடைக்காரர் இதற்குச் சம்மதிக்க மாட்டார் என்பது வேறு விஷயம். அவர் சம்மதிக்காததே ஒரு பதில்தான்.

இந்த வழி எப்போது சரி? நேர்மையாகச் சொன்னால், இரண்டு மாதத்தில் விற்கப்போகிற வண்டிக்கு மட்டும். அதையும் வாங்குபவரிடம் மறைத்து விற்றால் அது வேறு கணக்கு.

## கடைசல்: லேத்தில் கொடுத்து ஏற்றுவது

இது பிடிவாதமாக வருகிற யோசனை. காரணமும் உண்டு. நம் ஊரில் பஸ், லாரி எஞ்சின்களின் கேமைக் கடைந்து பல லட்சம் கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறார்கள். கோவைப் பட்டறைகளின் கைத்திறனில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த எஞ்சின் வேறு, இது வேறு.

யோசித்துப் பாருங்கள். மூக்கின் உச்சிக்கும் அடிவட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் வால்வு இறங்கும் அளவு. உச்சி ஒரு மில்லிமீட்டர் தேய்ந்திருந்தால், பழைய அளவைத் திரும்பப் பெற அடிவட்டத்தையும் ஒரு மில்லிமீட்டர் கடைந்து குறைக்க வேண்டும். லாரி எஞ்சினில் ராக்கரில் டேப்பட் ஸ்க்ரூ இருக்கும்; கூடிப்போன இடைவெளியை அதில் திருகிச் சரிசெய்துவிடலாம். இங்கே அந்த ஸ்க்ரூ வால்வுக்குக் கிடையாது. ஹைட்ராலிக் டேப்பட்டின் உள்ளே இருக்கும் பிளஞ்சர்தான் எழுந்து இட்டு நிரப்ப வேண்டும். அதற்கு ஓர் எல்லை உண்டு. எல்லை தாண்டினால் சத்தம் அப்படியே இருக்கும், காசு மட்டும் போயிருக்கும்.

இன்னும் மோசம், கடைந்தால் அந்தக் கடினமான தோல் போய்விடும். ஆழமான குழி உள்ள கேமைக் குழி மறையும் வரை கடைந்தால் கையில் மிஞ்சுவது மென்மையான இரும்பு. வெல்டு வைத்து ஏற்றிக் கடையலாம் என்பார்கள். வார்ப்பிரும்பில் அவ்வளவு நீளத்துக்கு வெல்டு வைத்தால் விரிசல், கோணல் இரண்டும் காத்திருக்கின்றன. இன்ஜெக்டர் மூக்கைத் தொட்டுவிட்டால் டீசல் பாயும் நேரமே மாறிவிடும்.

வெளிநாட்டில் கேம் கடைவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வடிவத்தைக் கணக்கிட்டு, கடைந்த பின் கடினப்படுத்தும் முறைகளும் வைத்திருக்கிறார்கள். பக்கத்து லேத்தில் அது நடக்காது. இந்த எஞ்சினுக்கு இந்த வழி வேண்டாம். இது ஒன்றில் மட்டும் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

## புதுப்பேட்டை: பழைய கேம், அல்லது முழு ஹெட்

உடைத்த வண்டியிலிருந்து எடுத்த கேம் மலிவு, அது ஒரிஜினல் வார்ப்பும்கூட. ஆனால் அதுவும் அதே இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடியதாக இருக்கலாம். வாங்குவதானால் கேமை அதன் டேப்பட்டுகளோடு, எந்த டேப்பட் எந்த மூக்குக்கு அடியில் இருந்தது என்ற வரிசை குலையாமல் வாங்க வேண்டும். சாக்கில் கொட்டிக் கொடுத்தால் அந்த டேப்பட்டுகளுக்கு மதிப்பில்லை, புதிது எட்டு வாங்க வேண்டியதுதான். கேமை மேலிருந்து பிடித்திருக்கும் கேப்புகள் உங்கள் ஹெட்டில் உள்ளவைதான் போட வேண்டும். அவை ஹெட்டோடு சேர்த்துக் குடையப்பட்டவை, வேறு ஹெட்டின் கேப் பொருந்தாது.

முழு ஹெட்டாக வாங்குவது கொஞ்சம் புத்திசாலித்தனம். கேம், டேப்பட், கேப், வால்வு எல்லாம் ஒன்றாக ஓடிப் பழகியவை அப்படியே வரும். ஹெட்டின் இன்ஜெக்டர் குழி தேய்ந்து டீசல் கசிகிற வண்டிக்கு இது ஒன்றுதான் ஓரளவு கட்டுப்படியாகும் வழி. ஆனால் மறைந்திருக்கும் செலவு இதில்தான் அதிகம். ஹெட் இறக்குவது என்றால் கேம் மாற்றும் வேலையைவிடப் பெரிய வேலை. ஹெட்டுக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட் மூன்று தடிமனில் வரும். பிஸ்டன் எவ்வளவு மேலே எழுகிறது என்று அளந்து, விளிம்பில் உள்ள துளைகளின் எண்ணிக்கை பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஹெட் போல்ட் புதிது. வாங்கிய ஹெட்டைப் பிரஷர் டெஸ்ட் செய்து, வால்வுகளுக்கு நடுவே விரிசல் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். டெஸ்டில் தோற்றால் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்ற வார்த்தையைப் பணம் கொடுக்கும் முன் வாங்குங்கள், கொடுத்த பின் அல்ல.

## ஆசைக்காரர்களின் கேம்

வால்வு திறப்பைக் கூட்டி, வேறு வடிவத்தில் செய்த கேம்கள் வட அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இந்த எஞ்சினுக்குக் கிடைக்கின்றன. இங்கே வரவழைத்தால் கப்பல் செலவும் சுங்க வரியும் சேரும். அதற்கேற்ற டேப்பட்டையும் அங்கிருந்தே எடுக்க வேண்டும். டர்போ, இன்ஜெக்டர், ட்யூனிங் எதையும் மாற்றாத வண்டிக்கு இதனால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஆசை இருந்தால் போடுங்கள், நான் தடுக்க மாட்டேன்.

## எதுவும் போடாமல் விடுவது

இதையும் ஒரு வழியாக எண்ணிப் பார்க்க வேண்டும். மேலே கம்ப்ரெஷனையும் டர்போவையும் பார்க்கச் சொன்னது இதற்குத்தான். நம் ஊர் லாராக்களும் அந்த ஜெட்டாக்களும் பெரும்பாலும் 15 வயதைத் தாண்டிவிட்டன. ஆர்சி புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் காருக்கு அந்தக் கட்டணத்தை 5,000 ரூபாய் ஆக்கினார்கள். பசுமை வரி, அதிகாரி பார்வைக்கு வண்டியைத் தயார் செய்யும் செலவு எல்லாம் தனி. ஒரு சிலிண்டரில் கம்ப்ரெஷன் விழுந்து, டர்போவும் ஆடுகிற வண்டிக்கு ஒரிஜினல் கேம் போடுவது ஓட்டை வீட்டுக்குத் தேக்குக் கதவு போடுவது மாதிரி. உள்ளதைச் சொல்லி, வந்த விலைக்குக் கொடுத்துவிடலாம்.

அதற்காகத் தேய்ந்த கேமோடு மாதக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருக்காதீர்கள். டேப்பட்டின் தலை ஓட்டையாகும் அளவுக்குப் போகும். உதிரும் இரும்புப் பொடி ஆயிலோடு போய் டர்போ பேரிங்கைத் தின்னும். அப்புறம் விற்க ஒன்றும் மிஞ்சாது.

## ஒரே பார்வையில்

| வழி | கைக்கு வருவது | மறைந்திருக்கும் செலவு | யாருக்கு |
|---|---|---|---|
| ஒரிஜினல் | ஷாஃப்ட் மட்டும் | டேப்பட், பேரிங் தனி. காத்திருப்பு | நீண்ட நாள் வைத்திருப்பவர், எஞ்சின் திடமானவர் |
| பேர் உள்ள கிட் | பெரும்பாலும் முழு ஜோடி | போலி ஆபத்து | பெரும்பாலோர் |
| மலிவுச் சரக்கு | ஷாஃப்ட், ஒரு ஸ்டிக்கர் | இன்னொரு முழு லேபர் | உடனே விற்பவர் |
| கடைசல் | உங்கள் பழைய கேம், தோல் இல்லாமல் | எல்லாமே | யாருக்கும் இல்லை |
| பழைய முழு ஹெட் | ஓடிப் பழகிய எல்லாம் | ஹெட் வேலை, டெஸ்ட், கேஸ்கெட் | இன்ஜெக்டர் குழியும் தேய்ந்தவர் |
| வேறு வடிவ கேம் | கேம், சொன்னால் டேப்பட் | சுங்கம், ட்யூனிங் | ஆசைக்காரர் |

## மாட்டுகிறவரிடம் கேட்க வேண்டியவை

எதை வாங்கினாலும் மாட்டுவதில் கெட்டுப்போகலாம். பிடி எஞ்சினைத் திறந்திருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். கேமையும் கிராங்கையும் பூட்டும் டூல் வைத்திருக்கிறாரா? மார்க்கர் பேனாவால் கோடு போட்டு வேலையை முடிப்பேன் என்றால் வேண்டாம். பெல்ட் தப்பினால் பிஸ்டன் வால்வை முட்டும் எஞ்சின் இது. கேப்புகளை ஒரே பக்கமாக இறக்காமல் சமமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும், இல்லாவிட்டால் வால்வு ஸ்பிரிங்கின் தள்ளலில் புது கேமே ஒடியும். இன்ஜெக்டர் அட்ஜஸ்ட் ஸ்க்ரூவைக் கைக்கணக்கில் திருகக் கூடாது. முடிந்ததும் கம்ப்யூட்டரை மாட்டி, கேமுக்கும் கிராங்குக்கும் உள்ள கோண வித்தியாசமான டார்ஷன் அளவு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள்.

புது டேப்பட் போட்டதும் உடனே சாவியைத் திருகக் கூடாது. அரை மணி நேரமாவது விட வேண்டும். டேப்பட்டுக்குள் இருக்கும் ஆயில் வடிந்து அது தன் உயரத்துக்கு அமரும் வரை வால்வு முழுதாக மூடாது. அவசரப்பட்டால் பிஸ்டன் போய் முட்டும். என் இரண்டாவது கேமை மாட்டிய அன்று மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு, 'வாங்க சார், டீ சாப்ட்டு வரலாம்' என்றார். முதல் முறை மாட்டியவர் டீக்குக் கூப்பிடவே இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆயிலையும் ஃபில்டரையும் ஆயிரம் கிலோமீட்டரில் ஒரு முறை மாற்றிவிடுங்கள். கழற்றிய ஃபில்டரை அங்கேயே வெட்டி விரித்து, காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். முதல் ஓட்டத்தில் கொஞ்சம் சாம்பல் மாதிரி ஒட்டினால் பரவாயில்லை. மினுமினுக்கும் செதில் ஒட்டினால், பார்ட் நம்பர் எழுதிய அந்தப் பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்புங்கள்.